கிளம்ப மறுத்த வெள்ளைக் கார்

சாவியைத் திருப்பினேன். கிர்ர், கிர்ர் என்று சுற்றியதே தவிர வண்டி பிடிக்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினேன். அதே கிர்ர். சோக்கை இழுத்துவிட்டுத் திருப்பினால் பெட்ரோல் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

தை மாதத்துப் பனி முன்கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. இறங்கிப் பழைய துண்டால் அதைத் துடைத்தேன். மறுபடியும் உட்கார்ந்து, உள்ளே தொங்கும் ஜெபமாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திருப்பினேன். மாதாவுக்கும் அன்றைக்கு வேறு அவசர வேலை இருந்திருக்கும் போல.

எங்கள் வெள்ளைக் காருக்கு வயசாகிவிட்டது. கார்புரேட்டர் காலத்து வண்டி. குளிர்நாளில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இரண்டு இருமல் இருமும், அப்புறம் பாவம் என்று கிளம்பிவிடும். அன்றைக்கு இருமக்கூட இல்லை.

வேறு நாளாக இருந்தால் "போ சனியனே" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அனுமந்தன்பட்டி விலக்கில் போய் பஸ்ஸுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு அது முடியாது. அது தேனிக்குப் போகிற நாள்.

தேனி நாட்கள்

ஐம்பத்தைந்து வயதில் நான் கார் ஓட்டப் பழகின கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் துணிச்சல் எங்களுக்கெல்லாம் ஊக்கம்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். துணிச்சலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை அம்மா. ஓட்ட வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் தேனி ஆஸ்பத்திரியில் அவரை மிஷினோடு இணைத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். அந்த மூன்று நாட்களுக்கு எங்கள் வீட்டில் கிழமைப் பெயர் கிடையாது. தேனி நாள், அவ்வளவுதான். மற்றவை தேனி இல்லாத நாட்கள்.

தேனி நாளில் இருட்டோடு எழுந்திருக்க வேண்டும். காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து, உப்பில்லாமல் ஒரு கூட்டு. குடிக்கத் தண்ணீரை அளந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்ள வேண்டும். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், அவர் உள்ளே படுத்திருப்பார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். திரும்பும்போது அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார். எனக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

இந்த இரண்டு வருஷத்தில் நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை "ஏறுங்க". அதற்கு அடுத்தது "இறங்குங்க". புருஷன் பெண்டாட்டிக்குள் பேச இவ்வளவுதான் மிச்சமா என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். நினைக்கவும் அசதியாக இருக்கும்.

அன்றைக்குக் காலையில் அவருடைய கணுக்காலில் விரலை வைத்து அழுத்திப் பார்த்திருந்தேன். குழி விழுந்தது. விழுந்த குழி நிரம்பவே இல்லை. உடம்பில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். போன மழைக்காலத்தில் ரோட்டில் மரம் விழுந்து ஒரே ஒரு தடவை தள்ளிப்போனதற்கே நெஞ்சில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மூச்சுக்கு அலைந்தார். அன்று அவர் கண்களைப் பார்த்தேன் பாருங்கள், அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

அதனால் அந்தக் கார் கிளம்பியே ஆக வேண்டும்.

வாடகைக் காருக்கு போன் போட்டேன். முகூர்த்த நாள். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை எல்லாக் காரும் பூ சுற்றிக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் நின்றது. அவரை ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிப்போய், சின்னமனூர் தாண்டியதும் மயங்கி என் மடியில் சரிந்ததிலிருந்து பஸ் பேச்சே இல்லை. மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வரும். மூச்சு முட்டட்டும் என்று காத்திருக்கவா முடியும்?

பாண்டியண்ணன் வைத்தியம்

"என்ன டீச்சர், செல்ப அடிச்சுக்கிட்டே இருக்கீக? தெருவே முழிச்சிருச்சு."

எதிர்வீட்டுப் பாண்டியண்ணன். திராட்சைத் தோட்டக்காரர். கொடிக்கு மருந்தடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டை பூராவும் மயில்துத்தத்தின் நீலக் கறை. அவரும் என் வீட்டுக்காரரும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனாலும் அந்த முறை எப்படியோ ஒட்டிக்கொண்டது.

"பிடிக்க மாட்டேங்குதுண்ணே. தேனிக்குப் போகணும்."

"பானட்டத் தூக்குங்க. நான் பாக்குறேன்."

பாண்டியண்ணனுக்கு வைத்தியம் தெரிந்தது ஒரே ஒரு இஞ்சினுக்குத்தான், தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டாருக்கு. அதற்கு என்னவெல்லாம் செய்வாரோ அத்தனையையும் எங்கள் காருக்கும் செய்தார்.

முதலில் பேட்டரி. முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. "இதுதேன் வில்லங்கம்" என்று ஒரே போடாகப் போட்டார். நான் உள்ளே ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். பூத்ததெல்லாம் கரைந்து ஓடியது. முனையைச் சுரண்டி, இறுக்கி, சாவியைத் திருப்பினால் கிர்ர் முன்னைவிடப் பலமாக வந்தது. பலமான கிர்ர், அவ்வளவே.

அடுத்தது பெட்ரோல். குழாயைப் பிடுங்கி வாயை வைத்து உறிஞ்சி, தூவென்று துப்பினார். "பெட்ரோல் நல்லாத்தேன் வருது" என்று ருசி பார்த்துச் சொன்னார்.

"தள்ளிப் பாப்போம் டீச்சர். தள்ளுனா எப்பேர்ப்பட்ட வண்டியும் வந்துரும்."

எங்கள் தெரு சர்ச் முக்கு வரை கொஞ்சம் சரிவு. தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேரையும் பாண்டியண்ணன் கூப்பிட்டுக்கொண்டார். அவர் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் மூன்று பேர் தள்ளினோம். பனியில் தகரம் சில்லென்று கையில் ஒட்டியது. இரண்டாவது கியரில் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி குலுங்கியது, திமிறியது, நின்றது. மறுபடி தள்ளினோம். மறுபடி குலுங்கி நின்றது. சர்ச் முக்கு வந்துவிட்டது.

இறக்கத்தில் தள்ளியதையெல்லாம் இனி ஏற்றத்தில் தள்ள வேண்டும். தள்ளினோம். வீட்டு வாசலுக்கு வந்தபோது என் முந்தானை நனைந்து, உள்ளங்கை இரண்டும் சிவந்து, ஓர் இடத்தில் தோல் உரிந்திருந்தது.

தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பினார்கள். அப்போது பார்த்து போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணு. "அக்கா, எங்க இருக்கீங்க? மத்தியானத்துக்கு முன்னாடி வந்துட்டா போட்டுறலாம்க்கா. அதுக்கு மேல பெட் அடுத்தவங்களுக்குப் போயிரும்." வந்துவிடுகிறேன் தாயே என்று சொல்லிவிட்டேன். எப்படி வருவேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் பிளக். ஒன்றைக் கழற்றி லுங்கியில் துடைத்து, இஞ்சின் மேல் தொட்டுப் பிடித்துக்கொண்டு, "அடிங்க" என்றார். அடித்தேன். பொறி வரவில்லை. வீட்டுக்குப் போய், தன் மோட்டாருக்காக வாங்கி வைத்திருந்த புதுப் பிளக்கை எடுத்துவந்து அதையும் தொட்டுப் பார்த்தார். அதிலும் பொறி இல்லை.

"பிளக்குல கோளாறு இல்ல டீச்சர். பிளக்குக்கு கரண்டே வரல. எங்கனயோ கட்டாகுது." தலையைச் சொறிந்தார். "எலி கடிச்சிருக்கும். எலியேதேன். நம்ம குட்டியானை கம்பத்துக்குத் திராட்சை லோடு போயிருக்கு. அது திரும்பி வந்துச்சுன்னா மாப்ளைய முன்னாடி ஏத்திவிட்ருவோம். அதுக்குள்ள நான் எலியப் பாக்குறேன்."

லோடு வண்டி எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. அவர் பானட்டுக்குள் தலையை விட்டு எலி தேட ஆரம்பித்தார். நான் என் வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று உள்ளே போனேன். முதலிலேயே அவரிடம்தான் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்பதைச் சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மலையைப் பாருங்க

அருளப்பன் தன் ஆயுசில் பாதியை ஜீப்பில் கழித்தவர். விடியுமுன் கம்பத்தில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து எஸ்டேட்டில் இறக்குவார். பொழுது சாய அவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவார். இறங்கும்போது கொஞ்சம் மலையாளமும் கூடவே இறங்கிவிட்டது. எதற்கெடுத்தாலும் "சாரமில்ல" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் குழம்பில் உப்பில்லாவிட்டாலும் "சாரமில்ல", உப்புக் கூடினாலும் "சாரமில்ல". அது சமாதானமா சலிப்பா என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இஞ்சின் விஷயத்தில் மட்டும் அவருக்கு சாரமில்ல கிடையாது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, இதற்கு இன்ன கோளாறு என்று சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமல் சொல்வார். நான் கார் ஓட்டத் தொடங்கியதும் அந்த வித்தையெல்லாம் என் தலையில் இறங்கியது. காலையில் நான் வண்டியை எடுக்கும்போதே கட்டிலிலிருந்து குரல் வரும். "கிளட்ச்ச விடு." "சோக்க உள்ள தள்ளு." "அது வண்டி லூர்து, அம்மிக்கல்லு இல்ல." அந்தக் குரலுக்குப் பயந்துதான் அன்றைக்கு முதலில் அவரிடம் போகவில்லை.

ஜீப் காலத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. எஸ்டேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர்கள் பகல் முழுக்கக் காத்திருப்பார்கள். கண் அசந்தால் போதும், எவனாவது சகாவே சாவி இல்லாமல் வயரை இணைத்து வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்வந்துவிடுவான். கேட்டால், "அவசரம் மாப்ள, தப்பா நெனைக்காத" என்பான். இதற்காகவே ஒவ்வொரு டிரைவரும் தன் வண்டியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்துக்கொள்வார்கள். கள்ளச் சுவிட்ச் என்று பெயர். அதை அமர்த்திவிட்டால் வண்டி சும்மா சுற்றும், பிடிக்காது.

அந்தச் சுவிட்ச் இருக்கிற இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. அப்பன், அண்ணன், பெண்டாட்டி, யாருக்கும். வண்டியை எடுக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால், "மலையைப் பாருங்க" என்பார்கள். எல்லோரும் மரியாதையாக மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு டிரைவர் எஸ்டேட்டிலேயே குடல்வால் வெடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடத்தைச் சொல்லப்பா, வண்டியை ஊருக்காவது கொண்டுபோகிறோம் என்று கெஞ்சினார்கள். வயிற்றில் தையலோடு, "நானே வந்து எடுத்துக்கிறேன்" என்றாராம். அவர் வருகிறவரை ஜீப் பலாமரத்தடியில் இலை மூடிக் கிடந்தது.

நானும் புதுப்பெண்ணாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். "எனக்கு மட்டும் சொல்லுங்க."

"சொன்னா அது சுவிட்சே இல்ல" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பேசவில்லை.

ஜீப்பை விற்றதோடு அந்தக் கதையும் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் வாங்கியதுதான் இந்த வெள்ளைக் கார். சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அவர் தலை மறைந்ததும் பாண்டியண்ணன் வந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். வீட்டுக் கார், சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் போகிற கார். இதற்கு எதற்குக் கள்ளச் சுவிட்ச்?

எனக்கென்ன தெரியும்

உள்ளே அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வழக்கமாக இந்நேரம் சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டு, வாசலில் நின்று என்னை அதட்டிக்கொண்டிருப்பார்.

"என்னங்க, செல்பு சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. பாண்டியண்ணன் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டாக. பிளக்குக்கு கரண்டே வரலைன்னு சொல்றாக. என்னவா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்."

சரி என்று திரும்பி வாசல்வரை வந்துவிட்டேன். அங்கே அப்படியே நின்றேன்.

இந்த மனுஷன் ஒரு வண்டியைப் பற்றித் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காலையிலிருந்து இத்தனை தடவை செல்ப் அடித்திருக்கிறேன், கட்டிலிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சோக் என்று வரவில்லை, அம்மிக்கல் என்று வரவில்லை. கீழே பார்த்தேன். நடையில் அவருடைய செருப்பு கிடந்தது. நான் எழுந்தபோதே அது பனியில் நனைந்திருந்தது, பின்பக்கம் போயிருப்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன். பின்பக்கம் சிமெண்ட் தரை. புல் இருப்பது கார் நிற்கிற இடத்தில்தான். செருப்பில் புல் ஒட்டியிருந்தது.

திரும்பி உள்ளே போனேன்.

"சுவிட்சு எங்கன வெச்சிருக்கீக?"

போர்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"ஒங்களத்தான் கேக்குறேன்."

"எந்தச் சுவிட்சு?"

"விடியமுன்ன எந்திரிச்சுப் போயி அமத்திட்டு வந்தீகள்ல, அந்தச் சுவிட்சு."

மெதுவாகத் திரும்பிப் படுத்தார். இல்லை என்று சாதித்திருக்கலாம். சாதிக்கவில்லை.

"சொன்னா அது சுவிட்சே இல்ல" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சாவியை விட்டெறிந்தேன். அது பீரோவில் பட்டு எங்கோ விழுந்தது. "வெளையாட்டா இருக்கா ஒங்களுக்கு? காலு வீங்கிக் கெடக்கு. அன்னைக்கு மூச்சுக்கு அலைஞ்சது மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பெறகு?"

"போதும் லூர்து. இன்னைக்கு ஒரு நா போகல. அம்புட்டுத்தேன்."

"அத வாயால சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா விடுவியா? ஏறுங்கம்ப. நானும் ஏறிருவேன். ஒன்கிட்ட நான் என்னைக்குப் பேசி ஜெயிச்சேன்? வண்டி வரமாட்டேன்னா நீ யாரைக் கோவிப்ப?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒனக்கும் ஒரு நா படுத்துக் கெடக்கலாம்ல."

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, அப்படியே கையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன். மிரட்டலுக்காகப் படுக்கவில்லை. நிஜமாகவே எழ முடியவில்லை. தரை சில்லென்று இருந்தது.

"சரி. போக வேணாம்" என்றேன். "எனக்கும் முடியலதான். காலைல மொதத் தடவை பிடிக்காமப் போனப்ப, அப்பாடான்னுதான் இருந்துச்சு."

அது உண்மை. அந்த முதல் கிர்ர் சத்தத்தில் ஒரு நொடி, இன்றைக்குப் போக வேண்டாம் என்று ஒரு சந்தோஷம் வந்து போனது. யாரிடமும் சொல்லக்கூடாத சந்தோஷம். அவரிடம் சொல்லிவிட்டேன்.

கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பெறகு எதுக்குச் சர்ச்சு முக்கு வரைக்கும் அந்தத் தள்ளு தள்ளுன?"

"நீங்க எனக்கு வேணும்ல."

இத்தனை வருஷத்தில் அப்படியொரு வார்த்தையை நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னபிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் கையை நீட்டி என் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். தோல் உரிந்த இடத்தைப் பெருவிரலால் தொட்டார். எரிந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கையை விடாமலே, "செல்ப அப்படியா அடிக்கிறது? பேட்டரி செத்துப்போயிருக்கும். படுத்துக்கிட்டுக் கேக்க முடியல" என்றார்.

அதே நேரம் வெளியிலிருந்து பாண்டியண்ணன் சத்தம் போட்டார். "டீச்சர்! எலிப் புழுக்கை இருக்கு! நான் சொன்னேன்ல! வயரையெல்லாம் ஒன்னொன்னாக் கழட்டிப் பாத்துர்றேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரிப்பில் இருமல் வந்தது.

"பாவிப்பய, வண்டியவே பிரிச்சிருவான்" என்று எழுந்தார். "துண்ட எடு."

தள்ளுங்கப்பா

வீங்கின காலை மெல்ல ஊன்றி வாசலுக்கு வந்தார். "ஏலே பாண்டி, கைய எடு."

"மாப்ள, எலி..."

"எலியும் இல்ல, பூனையும் இல்ல. ரெண்டு பேரும் மலையைப் பாருங்க."

பாண்டியண்ணனுக்கு அந்தப் பழக்கம் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் திரும்பி நின்றோம். மேற்கே மலை முழுக்கப் பனி, மலை இருப்பதே தெரியவில்லை. பின்னால் கார்க் கதவு திறந்தது. எதையோ தடவுகிற சத்தம். அப்புறம் டிக் என்று ஒரு சின்ன சத்தம்.

"அடப்பாவி மாப்ள" என்றார் பாண்டியண்ணன், மலையைப் பார்த்தபடியே.

பாண்டியண்ணன் பிளக்கையும் வயரையும் மாட்டியதும், நான் பீரோவுக்கு அடியிலிருந்து சாவியைத் தேடியெடுத்து வந்து திருப்பினேன். பேட்டரி களைத்துவிட்டிருந்தது, ஒரு முனகல்தான் வந்தது. அவர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஓட்டுகிற சீட்டில் தானே உட்கார்ந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அவரைப் பார்க்கிறேன். இடது கையில் ஊசி ஏறி ஏறிப் புடைத்த நரம்போடு கியரைப் பிடித்தார்.

"தள்ளுங்கப்பா."

தள்ளினோம். நாலு வீடு தாண்டவில்லை. கிளட்ச்சை எப்போது விட்டார் என்றே தெரியவில்லை, வண்டி ஒரு உதறு உதறிப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. நிற்காமல் சர்ச் முக்கு வரை ஓட்டிக்கொண்டு போனார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது இஞ்சினை உறும விட்டபடியே பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. முகத்தில் பழைய டிரைவர் களை கொஞ்சம் இருந்தது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சின்னமனூர் வந்தது. அங்கே வாழைத்தார் லாரி ஒன்று வழியை மறித்து நின்றது. நின்ற இடத்தில் சொன்னேன்.

"இங்க பாருங்க. இனிமே அந்தச் சுவிட்ச நீங்களே போடுங்க. போடுறதும் போடாததும் ஒங்க இஷ்டம். எங்கன இருக்குன்னு நான் தேட மாட்டேன். ஏறுங்கன்னும் சொல்ல மாட்டேன். நீங்க போடலைன்னா சாவிய ஆணில மாட்டிட்டு நானும் படுத்துக்கிறேன். ஆனா இன்னொரு தடவை என்னையப் பொய்யாத் தள்ள விடாதீக."

லாரி நகர்ந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரமில்ல" என்றார்.

மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். நர்ஸ் பொண்ணு முனகிக்கொண்டே படுக்கையைக் காட்டினாள். அவரை மிஷினில் போட்டுவிட்டு நான் பெஞ்சுக்குப் போகவில்லை. வேப்பமரத்து நிழலில் நின்ற காருக்குள் போய், சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். எழுந்தபோது கன்னத்தில் சீட்டு உறையின் வரி பதிந்திருந்தது.

டிக்

அதற்குப் பிறகு எத்தனையோ தேனி நாட்கள் வந்துவிட்டன. அசதி குறையவில்லை. கால் சில நாள் வீங்குகிறது, சில நாள் வற்றுகிறது. பாண்டியண்ணன் இன்னும் எங்கள் காரைப் பார்த்தால் எலி என்றுதான் கூப்பிடுகிறார்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை நான் தேடவில்லை. காரைக் கழுவும்போதுகூட அவர் உட்காரும் பக்கம் கையை விட்டுத் துழாவியதில்லை. முந்தின ராத்திரியே அவர் அதை அமர்த்தி வைத்துவிடுவார். தேனி நாளில் நான் முதலில் போய் உட்கார்ந்துகொள்வேன். சாவியைப் போட்டுவிட்டு, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவது கேட்கும். கதவு திறக்கும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஜெபம் சொல்வதில்லை, அவர் சார்பில் மாதாவிடம் சிபாரிசுக்குப் போவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இன்று காலை ரொம்ப நேரம் ஆயிற்று. எதிர்வீட்டில் பாண்டியண்ணன் மோட்டாரை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் மணி அடித்து ஓய்ந்தது. பக்கத்துச் சீட்டில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. ஏறுங்க என்று சொல்ல ஒன்றுமில்லை, ஏறித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பவில்லை. சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அந்தச் சத்தம் வராது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றைக்கு நான் தள்ள மாட்டேன், சொன்ன சொல் சொன்னதுதான்.

டிக் என்றது.

சாவியைத் திருப்பினேன்.